பதினொரு மணித் தண்ணீர்

அன்று காலை ஆறு மணிக்குக் கிளை வாய்க்காலின் மதகடியில் நான்கு பேர் இருந்தோம். முதல் வயலுக்குச் சொந்தக்காரரான மாமா, இரண்டாம் வயலுக்கு அம்மாவும் நானும், மூன்றாம் வயல்காரர். அவர் ஊர் முறையில் எனக்குச் சித்தப்பா. வராதவர்கள் மூன்று பேர். அப்பா சாந்தன்பாறையில் இருந்தார், என் தங்கையின் கைக்குழந்தையைப் பார்க்கப் போனவர் இன்னும் திரும்பவில்லை. மதகைத் திறக்க வேண்டிய லஸ்கர் வரவில்லை. கடைசி வயல்கார அக்காவும் வரவில்லை. அக்கா வரத் தேவையில்லாதபடி செய்தது நான்தான். அதில் எனக்குக் கொஞ்சம் பெருமையும் இருந்தது.

தை மாதம். கொழிஞ்சாம்பாறைப் பக்கம் தை மாதம் என்றால் காற்றுதான். கணவாய் வழியாகக் கிழக்கிலிருந்து வரும் காற்று பனைமரங்களை உலுக்கிக்கொண்டே இருக்கும். இரவெல்லாம் யாரோ ஓலைப்பாயைச் சுருட்டி விரித்துக்கொண்டிருப்பது போலக் கேட்கும். அந்தக் காற்றில் தண்ணீரில்லாமல் ஒரு வாரம் நின்றால் மண் வெடித்துவிடும். நெல் பால் பிடித்து நிற்கிற நாட்கள் அவை. நெல்மணியைக் கிள்ளினால் வெள்ளையாக ஒரு துளி வரும். இந்த ஒரு நனைப்பு கிடைத்தால் பால் அரிசியாகும். கிடைக்காவிட்டால் மணிகளில் பல வெறும் உமியாக நிற்கும். இதற்குப் பிறகு அந்தப் போகத்துக்குத் தண்ணீர் கிடையாது என்று லஸ்கர் முன்பே சொல்லியிருந்தார். நால்வருக்கும் சேர்த்து ஏழு மணி நேரம், அதோடு மதகு அடைப்பு.

லஸ்கர் வந்தபோது எட்டு மணி தாண்டியிருந்தது. பைக்கை நிறுத்திவிட்டு எங்கள் முகத்தைப் பார்க்காமல் மதகின் பூட்டருகே குனிந்தார்.

"தாக்கோல் எடுக்க மறந்து போச்சு. பாதி வழி வந்துட்டுத் திரும்பப் போக வேண்டி வந்து" என்றார்.

"மதகுக்கு இருக்கறது ஒரே சாவி. அதையும் ஊட்டுல வெச்சுட்டு வருவீங்களாக்கும்?" என்றார் மாமா. "பொண்டாட்டிய மறந்துட்டு வந்தாக்கூடப் பரவால்லீங்க."

"அவளத்தான் முதல்ல மறந்தது. சாவி அவ கையிலயாக்கும் இருந்தது."

சித்தப்பா சிரித்ததில் பீடி அணைந்துபோனது.

மதகின் திருகு இரண்டு சுற்றுச் சுற்றியதும் முதலில் தண்ணீர் வரவில்லை, ஒரு வாசனைதான் வந்தது. காய்ந்த வாய்க்காலின் புழுதியும் பழைய பாசியும் கலந்த வாசனை. பிறகு பழுப்பு நிறத்தில் ஒரு நாக்கு மெல்ல ஊர்ந்து வந்தது. அதன் நுனியில் சருகுகளும் எறும்புகளும் நுரையும் இருந்தன. அது எங்கள் காலடியைக் கடந்து மாமாவின் மடைப்பக்கம் திரும்பும்வரை நால்வரும் பார்த்துக்கொண்டு நின்றோம். நான் ஃபோனை எடுத்து, நானே எழுதிய பக்கத்தைத் திறந்து, மதகு திறந்த நேரம் ஆறு என்று இருந்ததை எட்டே கால் என்று மாற்றினேன்.

"என்ன கண்ணு எழுதறே?" என்று அம்மா கேட்டாள்.

"நேரத்த மாத்தறேம்மா. இந்த ஒண்ண மாத்துனாப் போதும், எல்லாருக்கும் தானா மாறிக்கும்."

அம்மா தலையாட்டினாள். அவள் பள்ளிக்கூட வாசலை மிதித்ததில்லை, ஃபோனில் நான் எதைத் தொட்டாலும் அது நடந்துவிடும் என்று நம்புகிறவள். அன்று அவளைவிட அதிகமாக நம்பியது நான்.

அந்தப் பக்கத்தை நான் எழுதியதே அக்காவுக்காகத்தான். அதற்கு முன்பு எங்கள் வாய்க்காலில் கடிகார நேரம் என்று ஒன்று யாருக்கும் கிடையாது. இன்னார் இத்தனை மணி நேரம் பாய்ச்சலாம் என்ற அளவு மட்டும் உண்டு. ஒருவர் பாய்ச்சி முடித்துத் தன் மடையை அடைத்ததும் ஒரு தேங்காய் மட்டையை வாய்க்காலில் போடுவார். அது மிதந்து போய் அடுத்தவர் மடையில் முட்டினால் அவர் முறை தொடங்கியது என்று பொருள். கேட்க அழகாக இருக்கும். ஆனால் மட்டை எப்போது வரும் என்று தெரியாமல் கடைசி வயல்காரர் விடிந்தது முதல் வரப்பில் உட்கார்ந்திருக்க வேண்டும். மட்டை கோரையில் சிக்கிக்கொள்ளும். ஒருமுறை யாருடைய எருமையோ அதை வாயில் கவ்விக்கொண்டு போய்விட்டது, அதற்கு ஒரு பஞ்சாயத்தே நடந்தது.

அக்காவின் வீட்டுக்காரர் பீர்மேட்டில் ஜீப் ஓட்டுகிறார், மாதம் ஒருமுறைதான் வருவார். முக்கால் ஏக்கரைப் பார்த்துக்கொண்டு, கொழிஞ்சாம்பாறையில் ஒரு தையல் கூடத்திலும் அக்கா வேலை செய்கிறார். முறை வரும் நாளெல்லாம் அவருக்கு ஒரு நாள் வேலை போகும். "தம்பி, நீ கம்ப்யூட்டர்தான படிச்சே? என்னய இந்த மட்டகிட்ட இருந்து காப்பாத்தி உடு" என்று ஒரு நாள் பேருந்தில் சொன்னார். நான் அதே பேருந்தில் பொள்ளாச்சி போய், அங்கிருந்து கோயம்புத்தூர் வேலைக்குப் போய்க்கொண்டிருந்த காலம். இறங்கும் முன்பே அந்தப் பக்கம் எப்படி இருக்க வேண்டும் என்று மனதில் வரைந்துவிட்டேன்.

இணையப் பக்கங்கள் எழுதுகிறவர்கள் ஸ்டேட் என்று ஒன்றைச் சொல்வோம். ஒரு பக்கம் நினைவில் வைத்திருப்பது எதுவோ அதுதான் ஸ்டேட். அதில் நினைவில் வைத்தே ஆக வேண்டியவை கொஞ்சம். மற்றவை அவற்றிலிருந்து அந்தந்த நேரத்தில் கணக்கிட்டு எடுத்துக்கொள்ள வேண்டியவை. இவற்றை டிரைவ்ட் வேல்யூ என்போம். கம்பெனியில் நான் எழுதிக்கொண்டிருந்தது ஒரு துணிக்கடையின் பக்கம். கூடையில் இருக்கும் துணிகளை மட்டும்தான் அங்கே நினைவில் வைப்போம். எத்தனை உருப்படி என்பதை வைப்பதில்லை. கேட்கும்போதெல்லாம் பக்கம் எண்ணிச் சொல்லும். ஒரு சட்டையை எடுத்துப் போட்டால் எண்ணிக்கையும் தானாக மாறும். இரண்டையும் தனித்தனியாக நினைவில் வைத்தால் ஒரு நாள் இரண்டும் முரண்படும். இது எனக்குத் தெரியும். நோட்டில் எழுதி அடியில் கோடுகூடப் போட்டிருக்கிறேன்.

எங்கள் வாய்க்காலுக்கு மூன்று விஷயம் போதும். மதகு திறந்த நேரம், யாருக்குப் பிறகு யார், ஒவ்வொருவருக்கும் எத்தனை மணி. மாமாவுக்கு இரண்டு, எங்களுக்கு ஒன்றரை, சித்தப்பாவுக்கு ஒன்றரை, அக்காவுக்கு இரண்டு. அக்காவின் முறை எப்போது தொடங்கும் என்பது மேலிருக்கும் மூவரின் மணியையும் மதகு திறந்த நேரத்தோடு கூட்டினால் வந்துவிடும். அதைத் தனியாக எழுதி வைக்கவே கூடாது.

நான் எழுதி வைத்தேன். எழுதிய நாள் நன்றாக நினைவிருக்கிறது. எங்கள் வீட்டு வாசலில் எல்லோரையும் உட்கார வைத்து ஒவ்வொருவர் விவரமாகச் சேர்த்துக்கொண்டிருந்தேன். "என்ற நேரம் எப்பன்னு எழுதீட்டியா?" என்று அக்கா எட்டிப் பார்த்தார். எங்கள் வீட்டில் எழுதிய காகிதத்துக்கு ஒரு மரியாதை உண்டு. ரேஷன் கார்டும் பட்டாவும் என் பத்தாம் வகுப்புச் சான்றிதழும் ஒரே தகரப் பெட்டியில்தான் இருக்கின்றன. தங்கை கல்யாணமாகிப் போனபின் வீட்டில் படிக்கத் தெரிந்தவன் நான் ஒருவன்தான், அந்தப் பெட்டியைத் திறந்து யாருக்கு என்ன எழுதியிருக்கிறது என்று சொல்வது என் வேலை. ஒருவர் பெயருக்கு நேராக அவருடையது என்று ஒன்றை எழுதிக் கொடுக்காமல் விடுவது எனக்குக் குறையாகத் தோன்றியது. அக்காவின் பெயருக்கு நேரே ஒரு கட்டம் போட்டேன், அதில் பதினொரு மணி முதல் ஒரு மணி வரை என்று அவர் கண் முன்னாலேயே தட்டினேன். பட்டா கிடைத்தவர் போல அக்கா சிரித்தார். மற்றவர்கள் பெயருக்கு நேரேயும் அப்படியே ஒவ்வொரு கட்டம் போட்டேன். முறை தொடங்கும்போதும் முடியும்போதும் ஃபோனில் மணி அடிக்கவும் செய்தேன். மணி அந்தக் கட்டத்தைப் பார்த்து அடிக்கும்.

அந்தக் கட்டம் எழுதியபடியே இருந்தது. மதகின் நேரத்தை மாற்றினால் கட்டத்துக்கு அது தெரியாது. தெரிந்துகொள்ள நான் வழி வைக்கவில்லை.

அன்று எங்கள் வயலுக்குத் தண்ணீர் பத்தே காலுக்கு வந்தது. எங்கள் வயலுக்கென்று பதிந்திருந்த ஃபோன் அப்பாவுடையது, அது சாந்தன்பாறையில் ஏலச்செடிகளுக்கு நடுவே இருந்தது. மாமாவிடம் இருப்பது பட்டன் ஃபோன். நாங்கள் கண்ணால் பார்த்துப் பாய்ச்சினோம். பன்னிரண்டுக்குக் கால் மணி இருக்கையில் அம்மா மடையை அடைத்துவிட்டு வீட்டுக்குப் போனாள்.

நான் போகவில்லை. லேப்டாப்பை எடுத்துக்கொண்டு ஓடைப் பக்கம் போனேன். எங்கள் வயல்களின் மிச்சத் தண்ணீர் போய் விழும் ஓடை அது. கரையில் மூன்று பனைமரங்கள் ஒன்றாக நிற்கும், அவற்றின் நிழல் மெல்ல நகர்ந்துகொண்டே இருக்கும். அதோடு நானும் நகர்ந்து உட்காருவேன். பசி, வெயில், காற்று எல்லாம் சேர்ந்து ஒரு மயக்கம். கண்ணை மூடினால் காலையில் பார்த்த அந்தப் பழுப்பு நாக்கு இன்னும் ஊர்ந்துகொண்டிருந்தது. அது என் வயலையும் பக்கத்து வயலையும் கடந்து, நான் எழுதிய வரிகளின் வழியாகவும் போவதாகத் தோன்றியது. மேலே ஒன்றைத் தொட்டால் கீழே எல்லாம் நனையும். நான் செய்து வைத்திருப்பதும் ஒரு வாய்க்கால்தான் என்று எண்ணிக்கொண்டேன். தூங்கியும் இருக்கலாம்.

கண் விழித்தபோது ஓடையில் தண்ணீர் ஓடிக்கொண்டிருந்தது.

வெள்ளையாகக் கிடந்த மணலின் நடுவே ஒரு கை அகலத்துக்கு, பிறகு இரண்டு கை அகலத்துக்கு. வெயில் அதில் துண்டு துண்டாக உடைந்து மினுங்கியது. எங்கிருந்தோ நான்கு கொக்குகள் வந்து இறங்கின. ஒரு மீன்கொத்தி பனையடியிலிருந்து கிளம்பி எதிர்க்கரைக்குப் போனது. மழை பெய்து இரண்டு மாதமான ஓடை. நான் அதை ஃபோட்டோ எடுத்தேன். ஒன்றல்ல, ஆறோ ஏழோ. ஒன்றைத் தங்கைக்கு அனுப்பினேன். 'தண்ணி எங்கிருந்துண்ணா வந்துச்சு?' என்று உடனே கேட்டிருந்தாள்.

எங்கள் வாய்க்கால் தண்ணீர்தான் அது, அக்காவின் வயலுக்குள் போயிருக்க வேண்டியது. எழுந்து ஓடினேன்.

அக்காவின் வயல் வாய்க்கால் வளைவுக்கு அப்பால், தென்னந்தோப்பு முடிகிற இடத்தில் இருக்கிறது. அங்கே சிக்னல் வராது. மடை அடைத்திருந்தது. களிமண் வைத்து, ஓட்டை இல்லாமல், உள்ளங்கையால் தட்டித் தட்டி மெழுகிய அடைப்பு. ஐந்து விரலும் அதில் பதிந்திருந்தன. அதை ஒட்டி நிறைந்த வாய்க்கால், ஒரு சொட்டும் உள்ளே போகாமல், ஓடையைப் பார்த்துப் போய்க்கொண்டிருந்தது. உள்ளே நெல் காற்றில் சாய்ந்து நிமிர்ந்தது. அடியில் மண் வெடிப்பு விட்டிருந்தது.

கையாலேயே அடைப்பைப் பிய்த்தேன். ஃபோனில் மணி மூன்றாக ஐந்து நிமிடம். மூன்றே காலுக்கு லஸ்கர் மதகை இறக்கிவிட்டார். இருபது நிமிடத் தண்ணீர் முதல் பாத்தியின் பாதிவரை போய், வெடிப்புகளுக்குள் இறங்கி, காணாமல் போனது.

மாலைப் பேருந்தில் அக்கா வந்தார். நிறுத்தத்திலேயே காத்திருந்தேன். "நீயே போய்ச் சொல்லு, நான் கூட வரமாட்டேன்" என்று அம்மா சொல்லியிருந்தாள். சித்தப்பா மட்டும் கூட வந்தார். அவர் மனசும் சரியாக இல்லை.

நான் சொல்லி முடிக்கும்வரை அக்கா பையைக் கீழே வைக்கவில்லை.

"பத்தே முக்காலுக்கே போயிட்டேன் தம்பி" என்றார். "அரை நாள் லீவு. ஒண்ணரைக்கு மிசின்ல உக்காரோணும். ஊட்டுல கெளம்பறப்ப உன்ற பக்கத்தத் தொறந்துதான் பாத்தேன். எட்டே காலுக்கு மதகு தொறந்துதுன்னு மேல போட்டிருந்துச்சு. கீழ என்ற நேரம் பதினொண்ணுன்னே இருந்துச்சு. நீ படிச்சவன், கணக்குப் பாத்துத்தான போட்டிருப்பேன்னு நெனச்சேன்."

"சித்த மேல ஏறி வந்து பாத்திருக்கலாமுல்ல?" என்றார் சித்தப்பா.

"எப்படீங்க வர்றது? நீங்க தண்ணியத் திருடறீங்களான்னு பாக்க வந்தாப்பல இருக்காதா?"

எங்கள் வாய்க்காலில் அப்படித்தான். தன் முறையில் தண்ணீர் வரவில்லை என்று மேல்வயலுக்கு ஏறிப்போனால் அந்த வீட்டோடு பேச்சு அறுந்துவிடும். முறை முடிந்தபின் மடையைத் திறந்து வைத்துவிட்டுப் போனாலும் திருட்டுதான், கடைசி வயலாக இருந்தாலும். ஒரு மணிக்கு முடிவு மணி அடித்திருக்கிறது. காய்ந்த வாய்க்காலின் முன்னால் இரண்டு மணி நேரம் நின்ற அக்கா, அப்போதும் ஒழுங்காக மண் குழைத்து மடையை அடைத்துவிட்டுப் பேருந்துக்கு ஓடியிருக்கிறார். தண்ணீர் அங்கே வந்தது ஒன்றே காலுக்கு.

"ஒம்போதரைக்கு என்ற ஃபோனும் அடிச்சுது" என்றார் சித்தப்பா. "இவங்கம்மா வயலுக்கே தண்ணி வல்ல, இதுக்கென்ன அவசரம்னு அமத்திப் போட்டேன். நான் முடிச்சப்பறம் மட்ட போடலாம்னு கையில எடுத்தேன் சாமி. அதான் மணி அடிக்குதே, எதுக்குன்னு வீசீட்டேன்."

அக்கா என்னைப் பார்த்தார். திட்டுவார் என்று நினைத்தேன். திட்டினால் நன்றாக இருக்கும் என்றும் நினைத்தேன்.

"ஓடைக்கு நல்லா வெள்ளாம பாச்சீட்டே தம்பி" என்றார். கொஞ்ச தூரம் நடந்துவிட்டுத் திரும்பினார். "கொக்கு வந்துச்சா?"

"வந்துச்சுங்க அக்கா."

"அதாச்சும் வயிறு நெறஞ்சுதே."

அப்பா ஃபோன் செய்தபோது முதலில் சொன்னது, "இங்க எட்டு மணிக்கு உன்ற மணி அடிச்சுது கண்ணு, தண்ணி வந்துருச்சுன்னு நிம்மதியா இருந்தேன்" என்பதைத்தான்.

மறுநாள் காலை அந்தக் கட்டங்களை நீக்கினேன். அதிகம் இல்லை, பதினொரு வரி அழித்து ஆறு வரி எழுதினேன். இப்போது அக்காவின் நேரம் எங்கும் எழுதி வைக்கப்படவில்லை. அவர் பக்கத்தைத் திறக்கும்போது மதகு திறந்த நேரத்தை எடுத்து, மேலே இருப்பவர்களின் மணியைக் கூட்டி, அந்த நொடியில் அது பிறக்கிறது. மூடினால் இல்லாமல் போகிறது. மணி அடிப்பதும் அதைப் பார்த்துத்தான். மதகின் நேரத்தை ஏழு, எட்டு, ஒன்பது என்று மாற்றி மாற்றி வைத்துப் பார்த்தேன். அடியில் நான்கு பெயர்களுக்கும் நேரங்கள் ஒன்றாக நகர்ந்தன, ஒரே வாய்க்காலில் மிதக்கும் சருகுகள் போல. ஒரு நாள் முன்னால் செய்ய எனக்கு எல்லாம் தெரிந்துதான் இருந்தது.

அக்காவிடம் கொண்டுபோய்க் காட்டினேன். இனி வேண்டாம், மட்டையே போதும் என்பார் என்று எதிர்பார்த்தேன். தையல் இயந்திரத்திலிருந்து கண்ணை எடுக்காமலே பதில் சொன்னார்.

"மட்டைக்குத் திரும்பப் போறதுக்கு எனக்கு லீவு இல்ல தம்பி. ஒண்ணு பண்ணு. என்ற நேரத்துக்குக் கீழ, இப்ப எந்த வயலுக்குத் தண்ணி பாயுதுன்னும் காட்டு. யாரு மடைய அடைச்சாங்க, யாரு அடைக்கலேன்னு. அப்ப எனக்கே தெரியும்."

"அத அவங்கதாங்க தொட்டுச் சொல்லோணும். கணக்குல வராதுங்க."

"தொடட்டும். எங்க சித்தப்பாவுக்கு பீடி பத்தவெக்கற நேரம் ஆகுமா?"

அதையும் எழுதினேன். அடுத்த போகத்தில் மதகு ஒருமுறை அரை மணி நேரம் முன்னாலேயே திறந்தது. அக்கா சரியான நேரத்துக்கு வந்து, பாய்ச்சி, அடைத்துவிட்டு வேலைக்குப் போனார். அதைப் பற்றி யாரும் ஒன்றும் பேசவில்லை.

ஆனால் அது அடுத்த போகம். அந்தத் தை மாத நெல்லை மாசி கடைசியில் அறுத்தார்கள். பீர்மேட்டிலிருந்து அக்காவின் வீட்டுக்காரரும் வந்திருந்தார். நான் லீவு போட்டுவிட்டு மூட்டை பிடிக்கப் போனேன். முதல் பாத்தியின் முன்பாதியில், அந்த இருபது நிமிடம் போன இடத்தில், கதிர் கனத்துத் தலை சாய்ந்து கிடந்தது. அதற்கப்புறம் நிமிர்ந்து நின்றது. தூரத்திலிருந்து பார்த்தால் நிமிர்ந்தவைதான் அழகு. தூற்றும்போது காற்று பதரை எங்கள் தலைக்கு மேலே தூக்கிக்கொண்டு போய், பொன்னிறமாக, ஓடைப் பக்கம் கொட்டியது.

அக்காவின் வீட்டுக்காரர் என் பக்கம் திரும்பி, "என்னப்பா, மூட்ட கட்டறதுக்கும் ஃபோன்ல மணி வெச்சிருக்கியா?" என்றார். அக்கா அவரை ஒரு பார்வை பார்த்தார். நான் சாக்கின் வாயைப் பிடித்துக்கொண்டு குனிந்திருந்தேன்.

அந்த முக்கால் ஏக்கரில் எப்போதும் இருபது மூட்டை வரும். அன்று பதினான்கோடு சாக்கு தைக்கும் ஊசியை அக்கா முந்தானையில் குத்திக்கொண்டார். குறைந்துபோன எண்ணிக்கையை யாரும் எங்கும் எழுதி வைக்கவில்லை. ஆனால் அந்த வயலைக் கடக்கும்போதெல்லாம் இருபதிலிருந்து பதினான்கைக் கழித்துக்கொண்டேதான் போகிறேன்.

ஆறு மூட்டை நெல்.